அடுத்த மாடல் வரட்டும்

போடிநாயக்கனூரில் ஒருவன் கம்ப்யூட்டர் வாங்க நினைத்தால் முதலில் பணத்தைப் புரட்டுவான், பிறகு ஜெகதீஷைப் போய்ப் பார்ப்பான், அதற்குப் பிறகு வாங்காமல் வீடு திரும்புவான். ஊரில் பல வருஷமாக நடக்கிற முறை இது.

ஜெகதீஷ் யாரிடமும் "வாங்காதே" என்று சொன்னவன் அல்ல. "இப்ப வாங்காதே" என்றுதான் சொல்வான். தீபாவளிக்கு முன்னால் வாங்கினால் தள்ளுபடி போச்சு. தீபாவளியன்று வாங்கினால் கூட்டத்தோடு கூட்டமாகக் கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவான். தீபாவளி கழித்து வாங்கலாமென்றால் பொங்கலுக்குப் புது மாடல் வருகிறது. பொங்கலுக்கு வருவதை அப்போதே வாங்குகிறவன் முட்டாள். விலை இறங்குவது சித்திரையில். சித்திரையில் வாங்குகிறவன் அதைவிட முட்டாள், ஏனென்றால் அடுத்த தீபாவளிக்கு அதைத் தூக்கிச் சாப்பிடும் ஒன்று வருகிறது. பஞ்சாங்கத்தில்கூட நாளுக்கு ஒரு நல்ல நேரம் போட்டிருக்கிறான். ஜெகதீஷின் கணக்கில் வருஷத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது.

இத்தனைக்கும் அவன் கை பதறாத ஆள். ஏல மையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முதலாளி மொக்கச்சாமிக்காக ஏலக்காய் எடுப்பதுதான் அவன் வேலை. தட்டில் மாதிரிக்கு வருகிற காயை உள்ளங்கையில் போட்டு உருட்டுவான், நிறம் பார்ப்பான், ஒன்றைக் கீறி மூக்கருகே கொண்டுபோவான். அதற்குள் திரையில் விலை ஏறிக்கொண்டிருக்கும். விரல் பொத்தானில் விழுந்துவிடும். மூட்டை மூட்டையாக அடுத்தவர் பணம் கண்மூடித் திறப்பதற்குள் கைமாறும். "கை வெரசா விழுகும்யா அவனுக்கு" என்று மொக்கச்சாமி நாலு பேரிடம் பெருமையடிப்பார். அதே கை, சொந்தக் காசில் ஒரு மௌஸ் வாங்க முடிவெடுக்கும் முன்னால் பழைய மௌஸே உடைந்து, டேப் சுற்றி, டேப்பும் இற்றுப்போய் மறுபடி சுற்றியாகிவிட்டது.

அவன் வீட்டு மாடியறையில் இருந்த கம்ப்யூட்டர், கல்லூரிக் காலத்தில் வாங்கியது. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு கோடையில் கருகிப்போனது. புதுசு வரட்டும் என்று, போர்டிலேயே இருந்த சொற்ப வசதியை வைத்துத் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். அந்த வசதியில் எதிரிகள் மூக்கும் முழியும் இல்லாமல் கொழுக்கட்டை மாதிரி வருவார்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு எதிரே ஒரு மேசை விசிறியை வைத்திருந்தான். மானிட்டரின் இடது ஓரத்தில் மை சிந்தியது போல் ஒரு கறுப்பு பரவி, உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. அங்கிருந்து யார் சுட்டாலும் தெரியாது. செத்த பிறகுதான் தெரியும். அதற்காகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் கழுத்துப் பிடிப்பு வந்தது. "ஏலத்துல குனிஞ்சே உக்காந்து புள்ளைக்கு நரம்பு இழுத்துக்கிருச்சு" என்று அவன் அம்மா கருத்தம்மாள் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

அவனுடைய முதல் சீடன் விஜயகுமார். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு வைத்திருந்தான். ஜெகதீஷ் சொல்லைத் தட்டாமல் நெடுநாள் பொறுத்தவன், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மானிட்டரும் பெட்டியும் வாங்கிவிட்டான்.

செய்தி கேட்டு ஜெகதீஷ் துக்கம் விசாரிக்கிற தோரணையில் போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எப்படா ஆச்சு?"

"நேத்துச் சாயங்காலம் மாப்ளே."

"எத்தனை ஹெர்ட்ஸு?"

"தெரியலயேடா. அட்டைப்பெட்டியில போட்டிருந்துச்சு. அதுல எங்கம்மா கோழிய அடை வச்சுருச்சு."

"பேனலு? என்ன பேனலு?"

"கறுப்புக் கலரு."

ஜெகதீஷ் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மாதம் திரும்புவதற்குள் அவன் சொன்னபடியே புது மாடல் வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஓடினான்.

"மாப்ளே! நீ வாங்குனதுக்கு அடுத்தது வந்துருச்சு! அதே வெலை!"

விஜயகுமார் ஆட்களின் சோற்று வாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். "அப்படியா? நல்லாருக்காமா?"

"பின்னிப் பெடலெடுக்குதாம்டா."

"அப்ப நீ வாங்கிரு."

"இல்லடா, இப்பத்தான வந்துருக்கு. வெலை எறங்கட்டும்."

விஜயகுமார் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கருத்தம்மாளின் கவலை வேறு. மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஜாதகம் வந்தால் "பாக்கலாம்மா" என்பான், பார்த்துவிட்டு வந்தால் "யோசிக்கலாம்மா" என்பான், யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து காதுகுத்துக்குப் பத்திரிகை வந்துவிடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஏண்டா அப்பு, பொண்ணுலயும் புது மாடலு வரும்னு உக்காந்திருக்கியா?"

இல்லை என்று அவன் உடனே சொல்லியிருக்கலாம். ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தன் தம்பி சின்னச்சாமியை வரவழைத்தாள், விஜயகுமாரின் ஜீப்பைச் சொன்னாள், வந்திருந்த ஜாதகங்களில் பொருந்திய ஒன்றைக் கையில் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மகனை முன் சீட்டில் ஏற்றிவிட்டுப் பின்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெண் வீடு போடிமெட்டைத் தாண்டி, கேரளாப் பக்கம் சாலை இறங்குகிற இடத்தில் இருந்தது. அப்பா முனீஸ்வரன் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். அம்மா ராக்கு. ஒரே மகள் சூர்யகலா, எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். ஏலக்காய் தட்டிப்போட்ட டீ வந்தது. ஜெகதீஷ் வாசனையிலேயே அது எந்தத் தரத்துக் காய் என்று மனசுக்குள் விலை போட்டுக்கொண்டான். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்ததும், "சின்னஞ்சிறுசுக, ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று சின்னச்சாமி சொல்ல, உள்ளறைக்கு அனுப்பினார்கள்.

உள்ளே போனவன் பெண்ணைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்ததைப் பார்த்தான்.

"இது… கேமிங் மானிட்டரு."

"ஆமா," என்றாள் சூர்யகலா.

"யாரு விளையாடுறது?"

"நான்தான். பின்னே? மழை பிடிச்சா இங்க வேற என்ன சோலி?"

"எப்ப வாங்குனீங்க?"

"போன ஓணத்துக்கு."

"ஏன் அப்ப வாங்குனீங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "பழசு போயிருச்சு. அதான்."

"அடுத்த மாசமே இதுக்கு மேல ஒண்ணு வந்துச்சே! தெரியாதா?"

"வந்துச்சா? வரட்டும்." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டாள். "ஒரு ஆட்டம் ஆடுறீங்களா? வெளிய பெரியவங்க சீர்செனத்தி பேசி முடிக்க நேரம் கெடக்கு."

அவன் ஆடுகிற அதே விளையாட்டுதான். தினமும் நடக்கிற அதே கடைத்தெருதான். ஆனால் அந்தத் தெருவில் இடதுபக்கம் ஒரு மாடிப்படி இருந்தது. படிக்கு மேலே மொட்டைமாடி, கொடியில் காயும் துணி, துணிக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவன். ஜெகதீஷ் சுடவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க மாடிப்படி இருக்கா?"

"எப்பவும் இருக்கே. ஏன்?"

"எங்க வீட்ல அந்த இடம் கறுப்பா இருக்கும்."

சூர்யகலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கதையைக் கேட்டாள். விசிறி, டேப் சுற்றிய மௌஸ், கழுத்துக்கு எண்ணெய் எல்லாவற்றையும் அவன் ஒளிக்காமல் சொன்னான். அவள் சத்தம் வெளியே போகக்கூடாதென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதுவரை திரையில் இருந்த அவன் கண் அப்போதுதான் முதல்முறையாக அவள் பக்கம் போனது. அதற்குள் வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

கூடத்துக்கு வந்தவன் இன்னும் அந்தக் கடைத்தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். கொழுக்கட்டைகளுக்கு மூக்கு முளைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கூடம் எங்கே தெரியும்?

"என்னப்பா, புடிச்சிருக்கா?" என்றார் சின்னச்சாமி.

"மாமா," என்றான் ஜெகதீஷ். "இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல மாமா. ஒரு குறை சொல்ல முடியாது. இத்தனை நாளு இது இல்லாம எப்படித்தான் காலத்த ஓட்டுனேனோ!"

கூடம் உருகிப்போனது. ராக்கு மூக்கை உறிஞ்சினாள். முனீஸ்வரன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். 'பாக்கலாம்' என்பதற்கு மேல் மகன் வாயிலிருந்து எதையும் கேட்டறியாத கருத்தம்மாள், அவன் புத்தி மாறுவதற்குள் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டாள்.

மலை இறங்கும்போதுதான் ஜெகதீஷுக்கு நடந்தது உறைத்தது. விஜயகுமாரின் காதருகே குனிந்தான்.

"மாப்ளே, நான் மானிட்டரைச் சொன்னேன்டா."

ஜீப்பு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் சின்னச்சாமி கெட்ட வார்த்தை சொன்னார். விஜயகுமார் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பல்லைக் கடித்துச் சொன்னான்: "கொண்டையூசி வளைவுல சொல்ற சேதியாடா இது? கீழ எறங்குற வரைக்கும் வாயத் தொறந்த, தள்ளிவிட்டுருவேன்."

மறுநாள் ஏலம் முடிந்து வெளியே வந்தபோது சூர்யகலாவே போன் செய்தாள்.

"நேத்து நீங்க கூடத்துல சொன்னது என்னையா, மானிட்டரையா?"

என்ன சொல்வதென்று அவன் யோசித்தான். எந்தப் பதிலும் சரியாக வராது என்று தெரிந்தது. "மானிட்டரைத்தாங்க."

"செரி. பொய் சொல்லல. அது வரைக்கும் நல்லது."

"உங்களைப் பத்திச் சொல்றதுக்கு… எனக்குக் கொஞ்சம் நாளு வேணும்."

"எம்புட்டு நாளு? அடுத்த ஜாதகம் வர்ற வரைக்குமா? உங்க டிரைவரு காலையில எஸ்டேட்டுக்கு ஆள் எறக்க வந்தப்ப எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டாரு. ஊருக்கே நீங்கதான் பொறுக்கச் சொல்வீங்களாமே." அவள் குரலில் கோபம் இல்லை, ஆபீஸ் கணக்கைச் சரிபார்க்கிற குரல். "நான் ஒண்ணு சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு மானிட்டரு வாங்குங்க. எதுன்னு நான் சொல்லமாட்டேன். அதைப் பத்தி வீடியோ பாக்கக் கூடாது. வாங்கிட்டுப் போன் பண்ணுங்க, மேக்கொண்டு பேசுவோம். வாங்கலைன்னா எங்க வீட்ல நானே வேண்டாம்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு கெடாது."

"மானிட்டருக்கும் கல்யாணத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வரும். நல்ல டாக்டரு அடுத்த மாசம் வர்றாருன்னு நீங்க நின்னீங்கன்னா, நான் மெட்டுல இருந்து எறங்கி உங்களுக்கு வாக்கப்பட்டு என்ன பண்றது?"

அவள் வைத்துவிட்டாள். ஜெகதீஷ் போனைப் பிடித்தபடி நின்றான். அன்றைக்கு முழுக்க அவனுக்கு மானிட்டர் ஞாபகம் வரவில்லை என்பது அவனுக்கே விசித்திரமாக இருந்தது. முந்தானைக்குள் அடக்கிய அந்தச் சிரிப்புதான் வந்து வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை அவள் வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று நினைத்து ராத்திரி இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தான். எந்தப் புது மாடலுக்காகவும் அவன் அப்படித் தூக்கம் கெட்டதில்லை.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ்சு ஏறினான். வழியெல்லாம் போனை எடுக்காமலிருக்கக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கடை பெரிய கடை. சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் நீந்தியது. ஒவ்வொன்றின் குறையும் ஜெகதீஷுக்கு மனப்பாடம். இது வெயிலில் மங்கும், அது ஓரத்தில் ஒளி கசியும், இன்னொன்றின் கால் ஆடும். ஒன்றை வாங்கினால் மற்ற அத்தனையும் கைவிட்டுப் போய்விடும். வாங்காதவரைக்கும் எல்லாமே அவனுடையவை. இந்தச் சொத்தை விட்டுக்கொடுக்கத்தான் அவனுக்கு இத்தனை வருஷமாக மனசு வரவில்லை.

கண்ணை மூடி, ஏலத்தில் பொத்தானை அழுத்துகிற மாதிரி விரலை நீட்டினான். "இது."

கடைக்காரர் பாண்டியராஜ் பக்கத்தில் வந்து அக்கறையாகக் குரலைத் தணித்தார். "சார், உங்களைப் பாத்தா வெவரம் தெரிஞ்சவராத் தெரியுது. அதனால சொல்றேன். இதுலயே புதுசு அடுத்த வாரம் எறங்குது. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா…"

மதுரையில் இத்தனை கடையில் இன்றைக்கா ஒரு நாணயஸ்தன் வாய்க்க வேண்டும்? ஜெகதீஷ் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. பில்லப் போடுங்க."

பாண்டியராஜ் பயந்துபோய், வந்த ஆளுக்கு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்து, வெரசாகப் பில் போட்டுக் கொடுத்தார். ஒரு மௌஸும் இலவசமாகத் தந்தார்.

திரும்பும் பஸ்சில் பெட்டியை மடியில் நிறுத்தியதால் அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் பெட்டியிடமே பேசினார்.

"டிவிக்கு லக்கேஜ் போடணும்."

"டிவி இல்லண்ணே. மானிட்டரு."

"படம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப டிவிதான். எடு காசை."

ஜெகதீஷ் தர்க்கம் செய்யவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

வீட்டில் கருத்தம்மாள் சூடம் காட்டி, சட்டத்தில் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். விஜயகுமார் கூட வந்து நின்றான். ஜெகதீஷ் மானிட்டரை மேசையில் ஏற்றி, வயரை எடுத்து, பழைய பெட்டியின் முதுகைத் தடவினான். மறுபடி தடவினான். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். புது வயரின் முனை தட்டையாகச் சின்னதாக இருந்தது. பெட்டியில் இருந்ததோ நீல நிறத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகளோடு பழங்காலத்துச் சொருகி ஒன்றே ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று முகம்கொடுத்துப் பேசாத சாதி.

போடியில் யார் வீட்டுப் பெட்டியில் என்ன கார்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன், தன் பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

"என்ன மாப்ளே?"

"சேரல."

"ஏதாச்சும் கன்வெர்ட்டரு போடலாமே?"

"போடலாம். போட்டாலும் இந்த போர்டுல ஆட்டுக்கல்லு சுத்துற வேகத்துலதான் ஓடும். கார்டு வேணும். கார்டு போட போர்டு மாத்தணும். போர்டு மாத்துனா பிராசசரு மாத்தணும்." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சுவரில் சாய்ந்தபடியே சூர்யகலாவுக்குப் போன் போட்டு நடந்ததை வரிசையாகச் சொன்னான். மறுபடி அந்தச் சிரிப்பு. இந்தத் தடவை அவள் எதையும் வாயில் வைத்து அடக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற விஜயகுமாருக்கே கேட்டது.

"மதி மதி, போதும், வயிறு வலிக்குது," என்றாள் பாதி மலையாளத்தில். "வாங்கிட்டீங்கல்ல? அது போதும். பெட்டிய அடுத்த வாரம் பாப்போம். நானும் அம்மாவும் சேலை எடுக்க மதுரை வர்றோம்."

"சூர்யகலா."

"ம்?"

"மானிட்டரை விட்டுட்டு இப்பச் சொல்றேன். உங்களத்தான் புடிச்சிருக்கு."

"தெரியும்," என்றாள். "கொஞ்சம் லேட்டு. பரவால்ல."

அடுத்த வாரம் சேலைக்கடைக்கு முன்னால் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். ஜெகதீஷ் வாசலில் தயங்க, சூர்யகலா நேராகப் பாண்டியராஜிடம் போய் இரண்டு கேள்வி கேட்டாள்: இது அவர் விளையாடுறதுக்குத் தாங்குமா, வோல்டேஜ் கொறஞ்சா செத்துப்போகுமா. பதிலைக் கேட்டு, போர்டு, பிராசசர், கார்டு, ஒரு யூபிஎஸ் என்று எடுத்துவைக்கச் சொன்னாள். பழைய பெட்டியில் மிஞ்சியது தகடும் தூசியும்தான். காசு ஜெகதீஷ் கொடுத்தான். யூபிஎஸ்ஸுக்கு மட்டும் அவள் தன் பையைத் திறந்தாள். "அது ரெண்டு பேருக்கும்" என்றாள்.

ஒன்றும் புரியாமல் நின்ற ராக்கு, அட்டைப்பெட்டிகளை எண்ணிவிட்டு மகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏண்டி, இதெல்லாம் நாம போடுற சீரா, அவங்க எடுக்குறதா? எதுன்னு சொல்லு, உங்கப்பாகிட்டச் சொல்லணும்ல."

"ரெண்டும் இல்லம்மா," என்றாள் சூர்யகலா. "ரிப்பேரு."

ராக்குவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. சேலைக்கடைப் படியேறும்போதும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜெகதீஷ் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தான்.